மின்தடை, இருபத்திரண்டு நிமிடம்

பதினான்காவது சுற்று மண்டபத்தில்,
கடலைப் பார்த்த ஓட்டலின் முதல் மாடியில்.
ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள்.
கச்சான் காற்று மைக்கில் ஏறி
எல்லோருக்கும் முன்னால் பேசிவிடுகிறதாம்.

மத்தியஸ்தர்கள் இந்த முறை இரண்டு குழு.
ஒன்று அரசுகள் சேர்ந்து அனுப்பியது,
மற்றது அரசுகளை நம்பாதவர்கள் அனுப்பியது.
வரவேற்புரை யாருடையது என்று
நேற்று ராத்திரி பதினோரு மணிவரை இழுத்து
கடைசியில் ஓட்டல் மேனேஜர் முனியசாமிதான்
நடுவில் நின்று தீர்த்துவைத்தார்:
"அகரவரிசைப்படி வச்சுக்கங்க சார்."
எந்த மொழியின் அகரவரிசை என்று
யாரோ கேட்பதற்குள் புரோட்டா வந்துவிட்டது.

நான் பரக்கத் நிஷா. கீழக்கரையில்
ப்ளஸ் டூவுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள்.
தடைக்காலம் வந்தால்
இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
என் காதில் விழுவதை
அவர்கள் காதில் போடுகிறேன்.
மேஜைக்கு இந்தப் பக்கம் தங்கச்சிமடம்,
அந்தப் பக்கம் குருநகர், பேசாலை.
இரண்டு பக்கமும் தமிழ்.
நான் தேவைப்படுவது
சமாதானம் செய்ய வந்தவர்களுக்கு மட்டும்.

அப்படியும் சொல்லிவிட முடியாது.
அந்தக் கரையில் "பேசினான்" என்றால் திட்டினான்.
இந்தக் கரையில் "கதை" என்றால் புளுகு.
பதினோரு வருடத்துக்கு முன், முதல் சுற்றில்
பஸ்தியான் "பேச வந்திருக்கோம்" என்றதும்
குணரத்தினத்தின் தாடை இறுகியது.
அவர் "கதைச்சுத் தீர்ப்பம்" என்றதும்
இங்கே பின்வரிசையில் ஒரு சிரிப்பு.
இரண்டையும் ஒரே இங்கிலீஷ் சொல்லால் மூடினேன்.
ஹெல்கா அம்மையார் அதை அடிக்கோடிட்டுக்கொண்டார்.

இன்று குணரத்தினம் ஓர் உரச்சாக்கைக்
கவிழ்த்துக் கொட்டினார். அறுந்த வலை.
காய்ந்த பாசி ஏசிக்குள் நாறியது.
"உங்கட இழுவைமடி செய்த வேலை."
அதற்கு எண் போடச் சொன்னார்கள்: இணைப்பு ஏழு, ஆ.
பஸ்தியான் எழுந்தார்.
எல்லைக்கோடு, பாட்டன் காலம்,
அங்கே பிடித்துவைத்து மக்கும் படகு.
எனக்கு மனப்பாடம்.
ஒருமுறை அவருக்கு முன்பே முடித்துவிட்டேன்.

கரண்ட் போனது.

ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க
உச்சிப்புளி போன பையன் திரும்பவில்லை.
காதுக்கருவி செத்தது. மத்தியஸ்தர்கள்
புன்னகையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முகத்திலேயே வைத்திருந்தார்கள்.
யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

பஸ்தியான் குனிந்து வலையைத் தூக்கிப் பார்த்தார்.
"எத்தனை பீசு போச்சு?"
"முப்பத்தெட்டு."
"உங்க காசுல எவ்வளவு?"
"எந்தக் காசெண்டாலும் கடன்தானே."
"மாசியில அந்தப் பக்கம் வந்தது நாங்க இல்ல.
அது கோட்டைப்பட்டினத்து…"
வலையைத் திருப்பினார். கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தார்.
"நாங்களுந்தான்."

குணரத்தினம் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து
குடிக்காமல் எதிர்ப்பக்கம் நகர்த்தினார்.
"உங்கட மகன்… விட்டவங்களோ?"
"வந்துட்டான். கடலுக்கு மட்டும் மாட்டேங்கிறான்.
திருப்பூர்ல பனியன் கம்பெனி."
"நல்லது."
"என்ன நல்லது."

விளக்கு வந்தது. ஏசி ஒருமுறை இருமியது.
பஸ்தியான் வலையைக் கீழே வைத்து,
தொண்டையைச் செருமி,
எல்லைக்கோட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஹெல்கா அம்மையார் கூண்டைப் பார்த்துக் கேட்டார்:
இடையில் என்ன பேசப்பட்டது, குறிப்பில் சேர்க்கலாமா?
கண்ணாடிக்கு அப்பால்
இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.
"மின்தடை," என்றேன். "இருபத்திரண்டு நிமிடம்."
அவர் எழுதினார். மற்றக் குழுவும் எழுதியது.
இரண்டு அறிக்கையிலும் ஒரே வரி வருவது
இதுதான் முதல் தடவை.

செய்தது சரிதானா என்று
பஸ் உச்சிப்புளி தாண்டும்வரை யோசித்தேன்.
நாளொன்றுக்கு நாலாயிரம் வாங்குகிறேன்,
எதையும் விடாமல் சொல்வதற்கு.
அந்த "நாங்களுந்தான்"
எந்த மொழிக்கும் போகாமல்
நாக்கடியில் கிடக்கிறது, உப்புக்கல் மாதிரி.

அடுத்த சுற்று அடுத்த தடைக்காலத்தில்.
கிளம்பும்போது முனியசாமி கேட்டார்,
குறை ஏதும் உண்டா டீச்சர், எழுதிக்கொடுங்க என்று.
காபி ஆறிவிடுகிறது என்று எழுதினேன்.
டீசலைப் பற்றி எழுதவில்லை.